பண்ணாமத்துப் பாதையிலே

ஆசிரியன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று எம்மைக் கேட்டவர்கள் பலர். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவிலே, கொரோனாக் கொள்ளைநோயின் நிமித்தம் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமும் அவ்விதமே எண்ணினோம். கல்லூரி ஒன்றிலே வரலாறு கற்பிப்பது எமது தொழில். நாற்பது மாணாக்கரை ஒரு பார்வையால் அடக்கிப் பழகிய எமக்கு, சொந்தப் பிள்ளைகள் இருவர் எம்மாத்திரம்? அந்த இறுமாப்பு சரியாக ஒன்பது நாள் நிலைத்தது.

நாம் குடியிருப்பது மாத்தளையிலிருந்து இறத்தோட்டைக்குச் செல்லும் வீதியின் ஒரு திருப்பத்தில். வீட்டின் முன்னே கிளுவை மரங்களிற் படர்ந்த மிளகுக் கொடிகள். பின்னே மேடேறிச் சென்றால் தேயிலை மலையும் லயங்களும். அக்காலத்தில் எம் மகள் ஏழாந் தரத்திலும் மகன் நாலாந் தரத்திலும் இருந்தார்கள். முதல்நாட் காலையிலேயே நேரசூசி ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். எட்டு மணிக்குப் பூசையறை மணியை எடுத்து அடித்தோம். சாப்பாட்டு மேசை வகுப்பறையாயிற்று. தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம் என்று நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம். பத்தாம் நாள் இளையவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப நீங்கள் அப்பாவா, சேரா?” என்று கேட்டான். எமக்கு விடை தோன்றவில்லை. அன்று பிற்பகல் மணியும் அடிக்கவில்லை.

எம் துணைவியார் ஆசிரியரல்லர். ஆயினும், வீட்டிலே கல்வியை நடத்தும் வித்தையை முதலிற் கண்டுபிடித்தவர் அவரே. மிளகு பறித்து வந்த நாளொன்றில் மகனை அழைத்துத் தராசை அவன் கையிற் கொடுத்தார். பச்சை மிளகு மூன்று கிலோ. அதைப் பாயிற் பரப்பி, மாலைதோறும் அள்ளி நிறுத்து, நிறையைச் சுவர் நாட்காட்டியில் எழுதுவது அவன் பொறுப்பு. பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும் என்பது எம் பிரதேசத்துச் சிறு தோட்டக்காரர் யாவரும் அறிந்த கணக்கு. அவன் அதை அறியான். நாளுக்கு நாள் நிறை குறைவதைக் கண்டு யாரோ மிளகைத் திருடுகிறார்கள் என்று முதலில் எம்மீதே ஐயங்கொண்டான். பின்பு தானாகவே பின்னத்துக்கு வந்து சேர்ந்தான். நாம் மூன்று வாரம் மன்றாடியும் ஏறாத பின்னம் அது. சாதிக்காயும் அதன்மேற் சிவந்த வலைபோலப் படர்ந்திருக்கும் வசுவாசியும், அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் கொக்கோவும் இவ்வாறே ஒவ்வொன்றாய்ப் பாடங்களாயின.

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பித்தல் பிற தேசங்களிற் புதுமையன்று. ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 1993 ஆம் ஆண்டளவில் அது சட்டத்துக்கு உடன்பாடாயிற்று. ஜேர்மனியிலோ சட்டம் இடங்கொடுப்பதில்லை. எம் நாட்டிலே 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயனால் பாடசாலையே பிள்ளையின் இரண்டாம் வீடாயிற்று. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி இன்று கட்டாயம். எம் முன்னோருக்கோ வீட்டுத் திண்ணைதான் பள்ளி. சென்னையிலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அன்றூ பெல் என்னும் பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ‘சட்டாம்பிள்ளை’ என்னும் சொல்லைக் கேட்டாலே நடுங்கிய எம் பாட்டனார்களுக்கு, அவரது புகழ் கடல் கடந்த செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்லாம் இனிதே நடந்ததுபோல் எழுதிவிட்டால் அது உண்மையாகாது. 2021 ஜூலை 12 ஆந் திகதி முதல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாட்டின் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலினின்று விலகினார்கள். நாமும் விலகினோம். கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நம்பினோம், இன்றும் நம்புகிறோம். ஆனால், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நிறுத்திய அதே காலை வேளையில், எம் வீட்டு மேசையிலே எம் பிள்ளைகள் இருவருக்கும் பாடம் தடையின்றி நடந்தது. இதனைக் கவனித்த கண்கள் இரண்டு.

மேலே லயத்திலிருந்து ஒரு சிறுமி எம் வீட்டுக்கு வருவதுண்டு. எம் மகளின் வகுப்பே. தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கொழும்பிலே ஒரு கடையில் வேலை. வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசி தந்தையோடு போய்விட்டது. இருந்திருந்தாலும் பயன் அதிகமில்லை: லயத்திலே சமிக்ஞை கிடையாது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சிலேதான். அதிலே இணையத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறியிருந்து பாடங் கேட்கும் மலைநாட்டுப் பிள்ளைகளின் படங்கள் அந்நாட் பத்திரிகைகளில் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இச்சிறுமி பாறையேறவில்லை. எம் விறாந்தையில் அமர்ந்து, எம் மகளின் குறிப்புகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போவாள். ஒருநாள் எழுதி முடித்து, கொப்பியை மூடிவைத்து, மிக்க பணிவோடு கேட்டாள்: “சேர், எங்களுக்கு எப்ப பாடம்?”

நாம் சம்பள முரண்பாட்டின் வரலாற்றை அவளுக்கு விளக்கினோம். தலையசைத்துக் கேட்டாள். மறுநாளும் வந்து குறிப்புகளையே எழுதினாள்.

ஒக்டோபர் முதலாந் திகதி ஊரடங்கு நீங்கிற்று. ஆயினும் மாகாண எல்லை தாண்டுதற்குத் தடை இருந்தது. ஒன்றரை ஆண்டுகளாக வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ அழைத்துச் செல்ல விரும்பினோம், அதற்கு வழியில்லை. மாத்தளை மாவட்டமோ மத்திய மாகாணத்தின் வட எல்லைவரை நீண்டு கிடப்பது. தடையில்லாத அந்தத் திசையிலே போய்ப் பார்ப்போமென்று துணிந்தோம். சரஸ்வதி பூசைக்கு அடுக்கிய புத்தகங்களை விசயதசமியன்று எடுத்துப் படித்து, அடுத்த நாளான சனிக்கிழமை, உறவினர் ஒருவரின் வானிலே புறப்பட்டோம். எம் தாயாரும் வருவேனென்றார். பிள்ளைகள் அவரை அப்பாயி என்பார்கள். அவருக்கு அப்போது வயது எழுபத்தைந்து.

புறப்படும் வேளையில் அச்சிறுமி படியில் நின்றாள். எங்கே போகிறோமென்று மகள் சொன்னாள். எம்மைப் பார்த்தாள், கேட்கவில்லை. “வண்டியில் இடமில்லையம்மா, அடுத்தமுறை பார்ப்போம்” என்று நாமாகவே சொன்னோம். இடம் இருந்தது. பின்னாசனத்திலே சோற்றுப் பொதிகளும் ஒரு குடையும் மட்டுமே பயணம் செய்தன.

மாத்தளை நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரம் 108 அடி உயர்ந்து நிற்கிறது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் காட்சியைக் காண மலைநாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் திரளுவார்கள். அன்று நாம் கூட்டத்துக்கு அஞ்சி வாயிலோடு நின்று வணங்கினோம். தாயார் வண்டியை விட்டு இறங்கி, வீதியோரத்திலேயே நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டார். கூட வந்த பிள்ளைகளிடம், “நம்ம ஆளுங்க நடந்து வந்தப்ப மொதல்ல கும்பிட்டது இந்த ஆத்தாளத்தான்” என்றார். எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்று மகன் கேட்டான். வரலாற்று ஆசிரியன் மகன் கேட்ட கேள்வி இது. பத்தாண்டுகளாக அவனுக்கு நாம் இதைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

இன்னொன்றையும் அங்கேயே சொன்னோம். 1983 ஜூலைக் கலவரத்தின்போது தீயின் கொடுமையை இக்கோயிலும் கண்டது. எமக்கு அப்போது ஏழு வயது. லயத்துக்குப் பின்னே, தேயிலைச் செடிகளின் இடையில், தாயாரின் மடியில் இரண்டு இரவுகள் படுத்திருந்தோம். நகரத்தின் பக்கம் வானம் சிவந்திருந்தது. அதை மகளிடம் சொன்னபோது அவள், “நீங்கள் இதை ஏன் வகுப்பில் சொல்வதில்லை?” என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை.

கோப்பிக் காலத்துக் கதையை வண்டி ஓடத் தொடங்கிய பின் தாயாரே சொன்னார். நாம் ஆண்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் மட்டுமே சேர்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டவர்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காடு கடந்து மாத்தளையை அடைந்தார்கள். அதற்கு வடக்கு வீதி என்று பெயர். ஏறத்தாழ 150 மைல். குடிக்க நல்ல நீரில்லை. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வீதியோரத்திலேயே பலியானவர் அநேகர். 1880 இல் புகையிரதம் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்தது. இன்றும் அப்பாதை மாத்தளையோடு முடிகிறது. வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு அந்த இரும்புப் பாதையால் யாது பயன்? அவர்கள் மாத்தளை வரையும் நடந்தே வந்தார்கள். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடியது 1914 இல்.

எம் தாயாரின் பாட்டி அவ்வீதியால் வந்தவர். வந்தபோது அவர் கைக்குழந்தை. தாயின் இடுப்பில் இருந்தே வந்தார். எனவே நடந்த நினைவு அவருக்கில்லை. தம் தாய் சொன்னதைத் தம் பேர்த்திக்குச் சொன்னார். “ஊருக்குப் பேரு பண்ணாமமுன்னு கங்காணி சொன்னானாம். பண்ணாமம் எப்ப வரும், பண்ணாமம் எப்ப வருமுன்னு கேட்டுக்கிட்டே நடந்தாங்களாம்.” எம் வீட்டு முதியோர் மாத்தளை என்று சொல்லி நாம் கேட்டதேயில்லை, அவர்களுக்கு இவ்வூர் என்றும் பண்ணாமமே. நாளுக்குப் பன்னிரண்டு மைல் நடந்தால் எத்தனை நாள் என்று மகனைக் கேட்டோம். பன்னிரண்டரை நாள் என்றான். உடனே, “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மைல் நடக்க முடியுமா?” என்று தானே கேட்டு, எட்டு மைலாக்கி, பத்தொன்பது நாளென்று திருத்தினான். அன்று அவனுக்கு நாம் கொடுத்த கணக்கு அது ஒன்றே.

நாம் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அவர்கள் தெற்கு நோக்கி வந்தவர்கள். ஆகவே கதை பின்பக்கமாகவே நடந்தது: சென்று சேர்ந்த இடத்தை முதலிற் கண்டு, புறப்பட்ட இடத்தைத் தேடிப் போவதுபோல.

மாத்தளைக்கு வடக்கே சிறிது தூரத்தில், வீதியை ஒட்டிய பாறைகளின் நடுவே அலுவிகாரை இருக்கிறது. அன்று உள்ளே செல்லவில்லை. வண்டியை மர நிழலில் நிறுத்தி அதன் கதையை மட்டும் சொன்னோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. புத்தரின் போதனைகள் அதுவரை ஏட்டில் எழுதப்படாமல் பிக்குகளின் நெஞ்சிலேயே வாழ்ந்து வந்தன. மனப்பாடஞ் செய்தவர்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தார்கள். அவர்களோடு அறமும் மாண்டுவிடுமோ என்று அஞ்சி, இவ்விடத்திற் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது பௌத்த மரபு. பல நூற்றாண்டு கழித்து, 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலப் படை அடக்கியபோது இங்கிருந்த ஏடுகள் அழிந்துபோயின. துப்பாக்கிக்கும் கடைக்கும் நாய்க்குங்கூட வரி விதித்தமையால் மூண்ட கிளர்ச்சி அது. நாய்க்கு வரி என்றதும் எம் மகன் அக்கணமே கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டான். புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாதிருந்தான்.

மூத்தவளின் மனமோ பஞ்சத்திலேயே நின்றது. பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். “அப்பாயி, உங்கள் பாட்டியின் பெயர் என்ன?” என்று தொடங்கினாள்.

நாலந்தாவை அடையும்வரை அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பாட்டியின் பெயர், பாட்டியின் தாயின் பெயர், கங்காணியின் பெயர், முதன்முதற் சேர்ந்த தோட்டம், அங்கே இறந்த குழந்தைகள் மூவர். புறப்பட்ட கிராமத்தின் பெயரைக் கேட்டபோது தாயார் கண்ணை மூடிக்கொண்டார். ஆற்றங்கரை என்றார், ஐயனார் கோயிலில் மண்குதிரை இரண்டு என்றார், திருச்சிராப்பள்ளிப் பக்கம் என்றார். பெயர் வரவில்லை. “போன வருசங்கூட நெனவு இருந்துச்சே” என்று தம் நெற்றியில் தட்டிக்கொண்டார். மகள் அவ்விடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டாள். எம் தாயார் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நாம் பட்டம் பெற்றவன் என்பதிலே அவருக்குள்ள பெருமை சொல்லி முடியாது. பட்டம் பெற்று இருபது வருடங்களுக்கு மேலாகியும், அந்தக் கிராமத்தின் பெயரை அவரிடம் கேட்டு எழுதி வைக்க எமக்குத் தோன்றவில்லை.

நாலந்தாக் கெடிகே என்னும் கற்கோயில் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் தனித்து நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்பர் அறிஞர். பல்லவர் பாணியில் அமைந்த பௌத்த ஆலயம். மாமல்லபுரத்தைப் படத்திற் கண்டவருக்கும் உறவு உடனே விளங்கும். போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த இதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். எம் தாயார் சிறிதும் தயங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இது புத்தர் கோயில் என்று மகன் திருத்தினான். “இருக்கட்டுமே. கட்டினவன் நம்ம ஊர்க் கையி” என்றார் அவர். கலை வரலாற்று நூல்கள் பல பக்கங்களிற் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

தம்புள்ளையிலே சுற்றுலாப் பயணிகள் குகைக் கோயிலுக்கே செல்வர். வலகம்பா மன்னன் ஒளிந்திருந்த குகைகளைப் பற்றியும், 1991 இல் அவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தமை பற்றியும் பலர் எழுதியாயிற்று. அன்று தாயாரின் முழங்கால் படியேற இணங்கவில்லை. ஆகவே 1999 இல் அமைந்த பொருளாதார மத்திய நிலையத்தின் பக்கம் சென்றோம். நாட்டின் மரக்கறி முழுவதும் அங்கே லொறியேறுகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், கண்டவர்க்குத் தோன்றாது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கூவும் வியாபாரிகள், மூட்டை சுமப்போரின் ஓட்டம், பூசணி மலைகள், மிளகாய்க் குவியல்கள். மகன் விலைகளை எழுதினான். எம் ஊர்க் கடையில் அதே போஞ்சி என்ன விலையென்று அவனுக்குத் தெரியும். வித்தியாசம் யாருக்குப் போகிறது என்று கேட்டான். எமக்கு விளங்கிய அளவு சொன்னோம்.

வண்டியருகிலே கட்டுச்சோறு உண்ட பின்னர்த் திரும்பவேண்டிய வேளை வந்தது. தம்புள்ளைக்கு வடக்கே சற்றுத் தூரம் போனால் மத்திய மாகாணம் முடிந்துவிடும். அப்பாற் செல்ல அனுமதியில்லை. தாயார் வடக்கே போகும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏய்யா, இன்னுங் கொஞ்சம் போனா மன்னாரு வந்திடாதா?”

வெகுதூரம் என்றோம். பொலிசார் விடமாட்டார்கள் என்றோம். அவர் கேட்டது தூரத்தை அன்று என்பது எமக்குத் தெரியும். 1948 இல் குடியுரிமை இழந்தவர்களுள் எம் தாயாரின் குடும்பமும் ஒன்று. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், பிரசைகளாக இங்கே சிலர், இந்தியாவுக்குச் சிலர் என்று ஒரே லயத்தைக் கூறுபோட்டார்கள். எம் தாய்மாமன் 1971 இல் தலைமன்னார்க் கப்பலேறினார். கூடலூர்த் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, மூன்றாவது வரவில்லை. 1984 இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. வந்த வழியே அண்ணன் திரும்பிப் போனார் என்பதே எம் தாயாருக்கு வடக்கு வீதியின் கடைசிச் செய்தி. மகள் கொப்பியைத் திறந்து அதையும் எழுதினாள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவர் தம் அண்ணனின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கேட்டோம்.

திரும்பும் வழியில் நல்ல மழை. ஒருவரும் அதிகம் பேசவில்லை.

மறுநாட் காலையில் அச்சிறுமி வழக்கம்போல வந்தாள். நாம் உள்ளறையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தோம். விறாந்தையிலே இளையவனின் குரல் கேட்டது. சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு நீளக் கோடு இழுத்து, தலைமாட்டிலே மன்னார், காலடியிலே மாத்தளை என்று குறித்து, நடுவே தம்புள்ளையையும் நாலந்தாவையும் வைத்து, எட்டு மைலுக்கு ஒரு புள்ளியாய்ப் பத்தொன்பது நாளையும் நடத்திக் காட்டினான். காலராவுக்கு ஓர் அடையாளம், தண்ணீருக்கு ஓர் அடையாளம். நாம் வகுப்பில் ஒருபோதும் அவ்வளவு நன்றாகக் கற்பித்ததில்லை. அவள் கடைசிப் புள்ளிவரை கேட்டிருந்துவிட்டு, “எங்க பாட்டியும் இப்பிடித்தான் சொல்லும். நீ இப்பத்தான் கேள்விப்படுறியா?” என்றாள்.

பத்திரிகையை மடித்து வைத்தோம். அன்று பிற்பகல் முதல் விறாந்தையில் மாலை நான்கு மணிக்குப் பாடம் நடந்தது. வேலைநிறுத்தத்தில் இருப்பவன் செய்யத் தக்கதோ என்று சக ஆசிரியர் ஒருவர் தொலைபேசியிற் கேட்டார். கேட்டதில் நியாயமுண்டு. லயத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பின் ஒன்பது பேர். ஒக்டோபர் 25 ஆந் திகதி ஆசிரியர்கள் கடமைக்குத் திரும்பினோம். ஆரம்பப் பிரிவும் அன்றே திறந்தது. வீட்டிலேயே இருந்து படிக்கிறேன் என்று மகன் இரண்டு நாள் அடம்பிடித்தான். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரி 22 ஆந் திகதிக்குத் தள்ளிப் போயிருந்தது. அதன் பயமும் சேர்ந்திருந்தது. நாம் பாடசாலைக்குப் போவதானால் அவனும் போகவேண்டும் என்று எம் துணைவியார் தீர்ப்புச் சொன்னார். இருவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

பரீட்சை முடிந்து, பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸிலே மீண்டும் அலுவிகாரைக்குப் போனோம். இம்முறை அச்சிறுமியும் வந்தாள். தாயார் வரவில்லை, மார்கழியில் விழுந்து படுத்தவர் அதன்பின் வண்டியேறவேயில்லை. அவ்வாண்டு சித்திரையிலே காலமானார். மகளின் கொப்பியிலே கோடு போட்ட இடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

விகாரையிலே ஓலையில் எழுதும் முறையைப் பார்வையாளருக்குச் செய்துகாட்டுவதுண்டு. தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, எழுத்தாணியாற் கீறுவார்கள். கீறியது கண்ணுக்குத் தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் தடவித் துடைத்த பின்பே எழுத்து எழும்பும். அங்கிருந்த முதியவர் எம் மகனின் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். அச்சிறுமி தமிழில் வேண்டுமென்றாள். தமக்குத் தமிழ் எழுதத் தெரியாதென்று கூறி, சிரித்துக்கொண்டே எழுத்தாணியை அவள் கையிற் கொடுத்தார்.

அவள் பெயரில் இரண்டு மெய்யெழுத்துகள். முதற் புள்ளியை அழுத்தியதும் ஓலை பொத்துவிட்டது. பழைய ஏடுகளிலே தமிழர் புள்ளி வைப்பதில்லை, இந்தக் காரணத்தாற்றான் என்று நாம் சொன்னோம்.

“அப்ப வாசிக்கிறவங்களுக்கு எப்பிடித் தெரியும் சேர்?”

“தெரிஞ்சவங்க வாசிப்பாங்க” என்றான் இளையவன், எம்மை முந்திக்கொண்டு.

அவள் வேறோர் ஓலையை எடுத்து, புள்ளியில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். முதியவர் மையைத் தடவினார். ஒன்றுமில்லாதிருந்த ஓலையில் முதலெழுத்து மெல்லத் தெரிந்தது, பின் மற்றவை. மை ஈரம் உலருமுன்னரே அதை வாங்கி, கொப்பியின் நடுவில் வைத்து மூடி, பஸ்ஸிலே வீடு வரும்வரை மடியை விட்டு எடுக்கவில்லை.